மூக்கில் பஞ்சோடு ஒரு மத்தியானம்

மூக்கில் பஞ்சு வைத்திருந்தார்கள். கையில் செபமாலையைச் சுற்றியிருந்தார்கள். தலைமாட்டில் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. அதன் சூடு இடது காதில் பட்டது. நான் செத்துப்போய்க் கட்டிலில் கிடந்தேன்.

போன வாரம் இந்தத் தொடரை என் முதல் படம் வெளியான காலைக் காட்சியில் நிறுத்தியிருந்தேன். அதைத் தொடரத்தான் இன்று உட்கார்ந்தேன், கை போகமாட்டேன் என்கிறது. தூத்துக்குடியில் நடந்த இந்தக் காரியத்தை எழுதிவிட்டுத்தான் அந்தப் பக்கம் போக முடியும் போலிருக்கிறது. நடந்தது என்ன என்று எனக்கே இன்னும் பிடிபடவில்லை. எழுதினால் பிடிபடுமோ என்று பார்க்கிறேன்.

நடந்து ரொம்ப நாள் ஆகவில்லை. கோடை வெயில் ஏற ஆரம்பித்திருந்த சமயம். இடம், பழைய துறைமுகத்துக்குப் போகிற சாலையிலிருந்து உள்ளே திரும்புகிற ஒரு தெரு. ஒரு காலத்தில் முத்து வியாபாரம் செய்த குடும்பத்தின் பெரிய வீடு. ஜன்னல் வழியாக உப்புக் காற்று வரும்; வேர்வையும் அதுவும் சேர்ந்து சட்டைக் காலரைப் பிசுபிசுக்க வைக்கும்.

சாவதற்கு ஏற்ற முகம்

படம் எடுக்க ஆள் வராமல் போன பிறகு நம்மைப் போன்ற இயக்குநர்களுக்கு ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. சின்ன இயக்குநர்கள் வந்து, "சார், நீங்க எங்க படத்துல ஒரு கேரக்டர் பண்ணணும்" என்பார்கள். அந்தக் கேரக்டர் பெரும்பாலும் இடைவேளைக்கு முன்னாலேயே செத்துப்போகும்.

நவீன் என்று ஒரு பையன். பையன் என்றால் முப்பது தாண்டிய பையன்தான். என் படங்களைப் பார்த்து வளர்ந்தவனாம். முத்து வியாபாரம் நொடித்துப்போன ஒரு கடற்கரைக் குடும்பத்தைப் பற்றிய கதை. அதில் நான் குடும்பத் தலைவர் லூர்து பர்னாந்து. இரண்டு காட்சியில் இருமுவேன், மூன்றாவது காட்சியில் போய்ச் சேருவேன்.

"உங்க முகம் இதுக்கு அப்படியே செட் ஆகுது சார்" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். எனக்குக் கோபப்படுவதா சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை. ஒத்துக்கொண்டேன்.

நானும் முத்துக்குளிப்புப் படம் எடுத்தவன்தான். கதாநாயகன் கடலில் மூழ்கிச் சிப்பியோடு வெளியே வருவான். அந்தக் கடல் சென்னையில் ஒரு ஓட்டல் நீச்சல் குளம். முத்து, தையல்கடையில் வாங்கிய பொத்தான். சொந்தக் கடற்கரையை வைத்துக்கொண்டு ஏன் குளத்தில் எடுத்தேன் என்றால், கதாநாயகனுக்கு உப்புத்தண்ணீர் சருமத்துக்கு ஆகாது. படம் நன்றாக ஓடியது.

எத்தனை படம் எடுத்தேன் என்பதில் தகராறு உண்டு. இணையத்தில் ஒரு கணக்கு இருக்கிறது, எங்கள் சங்கத்தில் வேறொரு கணக்கு இருக்கிறது. காலையில் ஒரு படத்துக்குச் சண்டைக் காட்சி, சாயங்காலம் இன்னொன்றுக்குப் பூஜை என்று ஓடிய வருஷங்கள் அவை. ஒருநாள் டிவியில் ஓடிக்கொண்டிருந்த படத்தைப் பார்த்து, "இது யார் எடுத்தது, சுமாராத்தான் இருக்கு" என்றேன். "நீங்கதான்" என்றாள் மனைவி.

சுவரெல்லாம் நான்

இனி சுவரொட்டி விஷயத்துக்கு வருகிறேன். எல்லாக் குழப்பமும் அதில்தான் ஆரம்பம்.

நம் பக்கத்து ஊர்களில் ஒருவர் இறந்தால் முதலில் தெரிவது சுவருக்குத்தான். விடிவதற்குள் படம் போட்டுக் கண்ணீர் அஞ்சலி ஒட்டிவிடுவார்கள். பஸ்ஸில் போகிறவன் ஜன்னல் வழியாகப் பார்த்து, அட இவரா என்று இறங்கிவிடுவான். நவீனுக்கு அந்தக் காட்சி வேண்டும். ஓடும் பஸ்ஸிலிருந்து, சுவர் சுவராக என் முகம் பின்னால் போக வேண்டும்.

கலை இயக்குநர் உற்சாகமான ஆள். தெருவில் ஒட்டு என்றால் பஸ் நிலையம் வரைக்கும் ஒட்டிவிட்டார். மேலே சிலுவை, கீழே லூர்து பர்னாந்து என்ற பெயரும் இந்த வீட்டு முகவரியும், நடுவில் என் முகம். காட்சியை எடுத்து முடித்ததும் கிழித்திருக்க வேண்டும். கிழிப்பது யார் வேலை என்று கலைப் பிரிவும் தயாரிப்புப் பிரிவும் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தொழிலில் ஒட்டுவதற்கு ஆள் உண்டு, கிழிப்பதற்கு ஆள் கிடையாது.

யாரோ அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறார்கள். பெயரை யார் படிக்கிறார்கள்? முகத்தைப் பார்த்தார்கள், அனுப்பினார்கள். மத்தியானத்துக்குள் அது உடன்குடிக்குப் போய்விட்டது.

உடன்குடியில் என் அக்கா இருக்கிறாள்.

பேசாமல் போன அக்கா

பாக்கியம் அக்கா எனக்கு ஐந்தாறு வயது மூத்தவள். அவள் வீட்டுக்காரர் கருப்பட்டி மொத்த வியாபாரம்; அவர் போன பிறகு கடையை அவளே பார்க்கிறாள். எங்களுக்கு அம்மா சீக்கிரம் தவறிவிட்டதால் எனக்குத் தலை சீவி, சோறு போட்டு, அடித்து, பள்ளிக்கூடம் அனுப்பியது எல்லாம் அவள்தான். நான் சென்னைக்குப் போகிறேன் என்றபோது அப்பா பேசவில்லை. அக்காதான், "போயிட்டு வாரட்டும், அப்பா" என்றாள்.

அப்படிப்பட்டவள் இருபது வருஷத்துக்கு மேலாக என்னோடு பேசவில்லை.

சண்டை கிடையாது. அதுதான் எனக்கு விளங்காத விஷயம். சண்டை போட்டிருந்தால் காரணமாவது தெரியும். ஒருநாள் போன் செய்தேன், அத்தான் எடுத்து, "அவ வேலையா இருக்கா மாப்ள" என்றார். அடுத்த தடவையும் வேலையாக இருந்தாள். அதற்குப் பிறகு அவளுக்கு வேலை ஓயவே இல்லை. ஊருக்குப் போனால் சோறு போடுவாள், பரிமாறும்போது இலையைப் பார்ப்பாள், என்னைப் பார்க்க மாட்டாள்.

நானும் பல காரணம் யோசித்துப் பார்த்தேன். சினிமாவுக்காகப் பெயரை மாற்றிக்கொண்டது பிடிக்கவில்லையோ என்று ஒரு எண்ணம். வேறு சாதியில் கல்யாணம் பண்ணிக்கொண்டேன், அதுவாக இருக்குமோ என்று கொஞ்ச நாள். அவள் அனுப்பிய கருப்பட்டிச் சிப்பத்தில் எறும்பு ஏறிவிட்டது என்று என் மனைவி போனில் வெள்ளந்தியாகச் சொன்னாள். அதுதான் காரணம் என்று மனைவி இன்றுவரை நம்புகிறாள். கேட்டுவிடலாம் என்று போவேன். அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தைரியம் போய்விடும்.

இதற்கு நடுவில் அக்கா படங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மற்ற இயக்குநர்கள் தங்கையை வைத்துப் படம் எடுத்தார்கள். நான் அக்காவை வைத்து எடுத்தேன். எனக்குத் தெரிந்தது அக்காதான். என் முதல் வெற்றிப் படத்தில் இடைவேளை தாண்டியதும் அக்கா கிணற்றில் விழுந்து சாவாள், தம்பி பழிவாங்கக் கிளம்புவான். தியேட்டரில் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்கள்.

அதன்பின் எங்கள் தொழிலில் இது சென்டிமென்ட் ஆகிவிட்டது. அக்கா செத்தால் படம் ஓடும். ஒரே ஒரு படத்தில் அக்காவைப் பிழைக்க விட்டேன், அடுத்த வெள்ளிக்கிழமை அந்தத் தியேட்டர்களில் வேறு படம் ஓடியது. விநியோகஸ்தர்கள் வீட்டுக்கே வந்து, "அண்ணே, அக்காவ விட்டுட்டீங்களே" என்று துக்கம் விசாரித்தார்கள். பிறகு நான் யாரையும் விடவில்லை.

மூச்சு

மறுபடியும் கட்டிலுக்கு வருகிறேன்.

ஐஸ் பெட்டிக்குள் வைத்திருக்க வேண்டிய பிணம் நான். கண்ணாடியில் விளக்கு வெளிச்சம் திருப்பி அடிக்கிறது என்று ஒளிப்பதிவாளர் சொன்னதால் கட்டிலுக்கு மாற்றியிருந்தார்கள். சுற்றிலும் அழுவதற்கு உள்ளூர்ப் பெண்கள். முதல் தடவை எடுத்தபோது துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதிவிட்டது. இரண்டாவது தடவை அழ வந்த ஒரு அம்மாளின் செல்போன் பாடியது. மூன்றாவது தடவை ஆரம்பித்தோம்.

பிணமாக நடிப்பது சுலபம் என்று நினைப்பவர்கள் நடித்துப் பார்க்க வேண்டும். நெஞ்சு ஏறி இறங்கக் கூடாது. கண்ணிமைக்குள் முழி உருளக் கூடாது. மெல்ல மூச்சை விட்டுவிட்டு அப்படியே நிறுத்த வேண்டும். என் படங்களில் எத்தனையோ பேரை அதட்டியிருக்கிறேன், "வயிறு ஆடுது, வயிறு ஆடுது" என்று.

ஷாட் பாதியில் வாசல் பக்கம் ஒரு சலசலப்பு. அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையைக் குறைத்தார்கள். யாரோ கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நிற்பது தெரிந்தது. கருப்பட்டி வாசனை, லேசாக.

"ஏ துரை" என்றது ஒரு குரல். "என்னல இது, இப்படிக் கெடக்க."

உள்ளூரிலிருந்து நல்ல நடிகையைப் பிடித்திருக்கிறானே நவீன் என்றுதான் முதலில் நினைத்தேன். குரலில் கொஞ்சம் அதிகம் போடுகிறாள், ஆனாலும் வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். அதற்கப்புறம்தான் உறைத்தது. சினிமாவில் துரை என்று என்னைக் கூப்பிட ஒருவரும் கிடையாது.

கண்ணைத் திறக்கலாம். திறந்திருக்க வேண்டும். யாரும் கட் சொல்லவில்லை. கட் சொல்லாமல் கண்ணைத் திறக்கிற பழக்கம் எனக்கு இல்லை. நான் பிணமா, தம்பியா, இயக்குநரா என்று எனக்கே தெரியாமல் அப்படியே கிடந்தேன். அவள் என் கையைப் பிடித்தாள், செபமாலையோடு சேர்த்து.

"எத்தன வாட்டில என்னயக் கொன்ன. கெணத்துல தள்ளிக் கொன்ன. பால்ல வெசம் வச்சுக் கொன்ன. லாரிய விட்டு ஏத்துன. ஒந்தம்பி படம் வந்திருக்குன்னு ஒங்க அத்தான் டிக்கெட்டு எடுத்துட்டு வந்துருவாவ. போய் உக்காந்தா நான் சாவுதேன். என்னய மாதிரியே பேசுதா, என்னய மாதிரியே சீலையச் சொருகுதா, தம்பிக்குச் சோத்தப் போட்டுட்டுச் சாவுதா. வெளிய வந்தா ஊர்க்காரியெல்லாம் எம் மொகத்தப் பாத்து அழுதாளுவ. நான் உயிரோட நிக்கேன், என்னயப் பாத்து அழுதாளுவ. ஒரு படத்துலயாவது, சரி இவ இருந்துட்டுப் போறான்னு விட்டியால நீ?"

அடக்கி வைத்திருந்த மூச்சு முட்டியது.

"இப்பம் நீ முந்திக்கிட்ட" என்றாள்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, கண்ணோரத்தில் தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போய்விட்டது.

"கட்" என்று நவீன் குரல் கேட்டது. "சார், கண்ணுல தண்ணி வருது சார்."

எழுந்து சிரிக்க வேண்டும்

கண்ணைத் திறந்தேன். பாக்கியம் அக்கா என் கையை விட்டுவிட்டு ஒரு அடி பின்னால் போய் நின்றாள். முடி முழுக்க வெளுத்திருந்தது. கண் சிவந்து, மூக்கு நுனி சிவந்து, அழுதால் எப்போதும் இருக்கிற அதே முகம்.

அவளிடம் ஏதாவது சொல்வதற்குள் உதவி இயக்குநர்ப் பெண் ஓடி வந்துவிட்டாள். "சார், எந்திரிக்காதீங்க, அப்படியே உட்காருங்க, ஒரு சிரிப்பு சார், கேமராவப் பாத்து."

வெளியாட்களுக்கு இது தெரிந்திருக்காது. பிணமாக நடித்தவரைச் சும்மா இறங்கிப் போகவிட மாட்டார்கள். அதே இடத்தில் எழுப்பி உட்காரவைத்து, கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லி, அதையும் ஒரு ஷாட்டாக எடுப்பார்கள். அதற்கப்புறம்தான் பூசணிக்காய் உடைப்பார்கள். செத்ததாகப் படம் பிடித்தது அப்படியே நின்றுவிடக் கூடாது என்று ஒரு பயம். எவ்வளவு படித்த இயக்குநராக இருந்தாலும் இதை விடமாட்டான், நானும் விட்டதில்லை.

சிரிக்காமல் இறங்கினால் மொத்த யூனிட்டுக்கும் மனசு கெட்டுவிடும். அக்கா பார்த்துக்கொண்டு நிற்கிறாள். மூக்கில் பஞ்சோடு, கன்னத்தில் ஈரத்தோடு, கேமராவைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தேன். யூனிட் கைதட்டியது.

அக்கா முகம் போன போக்கை என்னால் எழுத முடியவில்லை. அவள் பேசியதற்குத்தான் சிரிக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். திரும்பி வாசலுக்கு நடந்தாள். பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு, செபமாலை கையிலேயே தொங்க, பின்னால் ஓடினேன். வாழ்க்கையில் அப்படிப் பயந்ததே இல்லை. இந்தத் தடவை போனால் இனி வரமாட்டாள் என்று நிச்சயமாகத் தெரிந்தது.

வாசலில் தயாரிப்பு நிர்வாகி மறித்துக்கொண்டு நின்றார். தூத்துக்குடிக்காரர், நல்ல மனுஷன். "யக்கா, வெயில்ல எங்க போறிய. அண்ணாச்சி வாராவ பாருங்க. செத்த உக்காருங்க" என்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை நகர்த்தினார். அவள் உட்கார்ந்தாள். எனக்காக இல்லை, கால்வலிக்காக.

டீ

டீ வந்தது. இரண்டு பேரும் குடிக்கவில்லை.

"ஷூட்டிங்னு தெரியாதாக்கா?" என்றேன்.

"வாசல் வரைக்கும் தெரியாது. பஸ்ஸுல அழுதுட்டே வந்தேன், கண்டக்டரு தண்ணி வாங்கித் தந்தான். வாசல்ல கேமராவப் பாத்ததும் தெரிஞ்சிச்சு. உள்ள வந்து ஒன்னயப் பாத்ததும் மறுபடி தெரியாமப் போச்சு."

இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. அவள் பொய் சொல்கிறவள் இல்லை.

"சுவரொட்டில பேரு வேற இருந்துச்சே."

"நீதான் பேர மாத்துனவனாச்சே. சிலுவ போட்டிருந்திச்சு, வேதத்துல சேந்துட்டியோன்னு நெனச்சேன். நாசரேத்துல நம்ம சித்தப்பா வீடெல்லாம் வேதந்தான." கிறிஸ்தவத்தைத்தான் எங்கள் பக்கம் வேதம் என்பது. டீயைக் கையில் எடுத்தாள். "எதுக்குல சிரிச்ச?"

சொன்னேன். எங்கள் தொழிலின் பழக்கத்தை, பூசணிக்காய் வரைக்கும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"செத்தவிய எல்லாரும் சிரிப்பாவளா?"

"எல்லாரும்."

"நானா நடிச்சவளுவளும்?"

"ஆமாக்கா. கெணத்துப் படத்துல நடிச்ச பொண்ணு தண்ணி சொட்டச் சொட்ட மேல வந்து சிரிச்சா. பல்லு கிடுகிடுன்னு ஆடுச்சு. லாரிப் படத்துல அந்தம்மா ரோட்டுல உக்காந்து அவ்வளவு சிரிப்பு சிரிச்சாங்க, லாரி டிரைவரும் சேந்து சிரிச்சாரு."

அக்கா அதை மனசுக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள் போலிருந்தது. "அதெல்லாம் படத்துல வராதா?"

"வராதுக்கா. வெட்டிப் போட்டுருவோம்."

"எங்கன போடுவிய?"

எங்கே போடுவோம் என்று அதுவரை நான் யோசித்ததில்லை. தெரியாது என்றேன்.

டீயை ஒரு வாய் குடித்தாள். ஆறியிருக்கும். தெருவில் போன ஒரு லாரியைப் பார்த்தாள்.

"அப்பம் எல்லாவளும் எந்திச்சுட்டாளுவ" என்றாள்.

"ஆமாக்கா."

"நான்தான் எந்திக்காமலே இருந்திருக்கேன்."

எத்தனையோ அக்காக்களுக்கு வசனம் எழுதியவன் நான். அவளுக்குச் சொல்ல சென்டிமென்ட் என்றும், விநியோகஸ்தர்கள் என்றும் வாயில் வந்தது. அதையெல்லாம் அவளிடம் எப்படிச் சொல்வது? நான் செய்தது தப்பா, தொழிலா, இரண்டும் சேர்ந்ததா? நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை அவளும் என்னைப் பார்த்தாள்.

நவீன் தயங்கித் தயங்கி வந்தான். கண்ணீர் வந்ததால் அந்த ஷாட் உதவாது, வெளிச்சம் போவதற்குள் என் குளோசப் ஒன்று எடுக்க வேண்டும் என்றான். பிறகு அக்காவைப் பார்த்து, "அம்மா, நீங்க பேசினது பிரமாதமா இருந்துச்சு. இன்னொரு தடவ வந்து நிக்க முடியுமா?" என்று கேட்டான். அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் கேட்டிருப்பேன்.

"நான் இனி அழ மாட்டேன், தம்பி" என்றாள் அக்கா. நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். கேமராவுக்குப் பக்கத்தில், என் கண்ணுக்குத் தெரிகிற இடமாகப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

உதவி இயக்குநர்ப் பெண் புதுப் பஞ்சோடு வந்தாள். நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தபடி அக்காவைத் திரும்பிப் பார்த்தேன்.

"போய்ப் படுல" என்றாள். "நான் இங்கனதான் இருக்கேன். முடிஞ்சதும் எந்திச்சிரு, என்ன."

சரிக்கா என்று படுத்தேன்.